கேட்டறியும் சேவை

மருத்துவம் எத்தனை உறுப்புகளை உடையது என்ற வினாவுக்குப் பாரதத்தின் இரு பெரும் நூல்கள் ஒரே விடையைத் தருகின்றன. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும், ஆயுர்வேதத்தின் மூலநூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதையும் நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு உறுப்புகளைக் கூறுகின்றன. நான்காவதாக நிற்பவரை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்று குறிப்பிடுகிறார். 'உழை' என்றால் பக்கம். நோயாளரின் பக்கத்தில் இருந்து பணிசெய்பவர் என்பது அச்சொல்லின் பொருள். சரகர் இவருக்கு நான்கு இலக்கணங்களை வகுக்கிறார்: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளரிடம் அன்பு, தூய்மை.

இந்நான்கனுள் அறிவு, திறன், தூய்மை ஆகிய மூன்றும் செவிலியர் கல்லூரிகளில் பாடமாகவும் பயிற்சியாகவும் தேர்வாகவும் அமைந்துள்ளன. அன்பை அவ்வாறு தேர்வு வைத்து அளப்பது கடினம். மேலும், உள்ளத்தில் அன்பு நிறைந்திருந்தாலும் அது நோயாளரைச் சென்றடைய ஒரு வழி வேண்டும். பேசும் மொழி வேறு, உண்ணும் உணவு வேறு, வணங்கும் முறை வேறு, வலியை வெளிப்படுத்தும் விதம் வேறு என்று இருக்கும்போது அந்த வழியை எப்படிக் கண்டறிவது? தற்காலச் செவிலியர் கல்வி இவ்வினாவைப் 'பண்பாட்டுத் தகுதி' என்ற தலைப்பில் ஆராய்கிறது. நோயாளரின் பண்பாட்டை உணர்ந்து அதற்கேற்பப் பராமரிப்பை அமைத்துக்கொள்ளும் ஆற்றல் என்று இதைச் சுருக்கமாகக் கூறலாம்.

பல மொழிகள், ஒரு வார்டு

இப்பொருளை ஆராய்வதற்குப் பெங்களூருவைவிடப் பொருத்தமான நகரம் அரிது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தபோது அதனுடன் வந்து குடியேறியவர்களுள் தமிழர் பலர். அல்சூரும் சிவாஜிநகரும் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றன. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, மலையாளம், இந்தி ஆகியவை ஒரே தெருவில் ஒலிக்கும் நகரம் இது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு.

நல்ல மேய்ப்பர் சபையின் கன்னியர் 1886-இல் தொடங்கிய புனித மார்த்தா மருத்துவமனை, 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா மருத்துவமனை, 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் ஆகியவற்றுக்கு அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளர் வருகின்றனர். சித்தூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்த ஒரு விவசாயி படுத்திருக்கிறார். அவருக்கு ஊசி போடும் செவிலியர் கோட்டயத்தையோ இம்பாலையோ சேர்ந்தவர். மருத்துவர் வட இந்தியர். வார்டு உதவியாளர் மட்டும் கன்னடர். இவர்கள் அனைவரும் சேர்ந்து ஓர் உயிரைக் காக்க வேண்டும்.

சொல் ஒன்று, பொருள் வேறு

மொழி வேறுபடும்போது இடர் எங்கே பிறக்கிறது என்பதைச் சில சொற்களிலேயே காணலாம். மலையாளத்தில் 'வேதன' என்பது உடல்வலியைக் குறிக்கும் அன்றாடச் சொல். தமிழில் 'வேதனை' என்றால் பெரும்பாலும் மனத்துயரே நினைவுக்கு வரும். மலையாளச் செவிலியர் "வேதன உண்டோ?" என்று பரிவுடன் கேட்கும்போது, தமிழ் மூதாட்டி தம் மகன் பார்க்க வராத துயரத்தைச் சொல்லத் தொடங்கலாம். இது சிறு குழப்பம். சற்று நேரத்தில் தீர்ந்துவிடும்.

தீராத குழப்பங்களும் உண்டு. தமிழகக் கிராமத்தவர் மார்பில் ஏற்படும் இறுக்கத்தை 'வாயுப் பிடிப்பு' என்றும் 'நெஞ்சு கரிக்கிறது' என்றும் சொல்வது வழக்கம். பெருங்காயமும் ஓமமும் சேர்த்த கஷாயம் குடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகின்றனர். மாரடைப்பின் முதல் அறிகுறியும் இவ்வாறே இருக்கக்கூடும். முதியோருக்கும் நீரிழிவு நோயாளருக்கும் கடும் வலி இல்லாமலேயே மாரடைப்பு நேர்வதுண்டு. 'வாயு' என்ற சொல்லைக் கேட்ட செவிலியர் அதை அப்படியே 'வயிற்று உப்புசம்' என்று எழுதிவிட்டுப் போனால், இதயத் தசையைக் காக்கக் கிடைத்த பொன்னான நேரம் வீணாகும். "எங்கே பிடிக்கிறது? கையால் தொட்டுக் காட்டுங்கள். கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? வியர்த்ததா?" என்று கேட்பவர் உடனே இ.சி.ஜி. எடுக்க ஏற்பாடு செய்வார்.

இவ்வாறே 'உடம்பு சூடு' என்பது எப்போதும் காய்ச்சலைக் குறிப்பதில்லை. சிறுநீர் எரிச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண் ஆகியவற்றையும் மக்கள் 'சூடு' என்றே கூறுவர். வெப்பமானியில் சூடு ஏறவில்லை என்பதற்காக நோயாளர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டலாகாது.

மொழிபெயர்ப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் பண்பாட்டு அறிவின் பகுதியே. உடன் வந்த பன்னிரண்டு வயது மகனை நிறுத்தி, தாயின் மாதவிடாய்ச் சிக்கலைக் கேட்டுச் சொல்லும்படி பணித்தால், அத்தாய் உண்மையைக் கூறமாட்டார். அம்மொழி அறிந்த பெண் பணியாளர் ஒருவரைத் தனியே அழைத்துக் கேட்பதே முறை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் முன்வைத்த நோயாளர் உரிமைச் சாசனம் இதற்குத் துணை நிற்கிறது. நோயைப் பற்றிய விவரங்களை நோயாளருக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்றும், ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இரண்டாவது விதியின் அருமையைத் தமிழகம் நன்கறியும். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவில் மூன்று ஆடவர், பிரசவ வேதனையில் துடித்த தம் மனைவியரைக் காப்பாற்ற வருமாறு இளம்பெண் ஐடா ஸ்கடரை அழைத்தனர். அவரோ மருத்துவம் கற்றவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தை வர ஆயத்தமாக இருந்தும், அயல் ஆடவர் தம் இல்லப் பெண்களைத் தொடுவதை அம்மூவரும் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அந்த ஆடவரின் வழக்கத்தைப் பழித்துவிட்டு விலகியிருந்தால் ஐடா ஸ்கடரின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் தாமே மருத்துவம் பயின்று 1900-இல் வேலூருக்கு வந்தார். 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மக்களின் கூச்சத்தை மாற்றும்வரை சிகிச்சை காத்திருக்கவில்லை; அவர்கள் ஏற்கும் வடிவில் சிகிச்சை அவர்களைத் தேடிச் சென்றது.

மூன்று வழிகள்

பண்பாட்டையும் செவிலியர் பணியையும் இணைத்து ஒரு துறையாக வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியரான மேடலின் லைனிங்கர். 1950-களில் சின்சினாட்டி நகரில் மனநலச் சிக்கல் கொண்ட குழந்தைகளுக்கான இல்லத்தில் அவர் பணியாற்றினார். வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த குழந்தைகள் ஒரே வகைப் பராமரிப்பை வெவ்வேறு விதமாக ஏற்பதை அங்கே கண்டார். அதன் காரணத்தை அறிய மானிடவியல் பயின்றார். நியூகினியின் மலைப்பகுதியில் கட்சப் என்னும் பழங்குடி மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தார். பண்பாடு கடந்த செவிலியத்துக்கான சங்கத்தை 1974-இல் நிறுவினார். 2012-இல் மறைந்தார்.

நோயாளரின் வழக்கத்தைச் சந்திக்கும் செவிலியருக்கு அவர் மூன்று வழிகளைக் காட்டினார். முதலாவது, அவ்வழக்கத்தை அப்படியே காத்தல். இரண்டாவது, சிகிச்சையும் வழக்கமும் ஒன்றுக்கொன்று சற்று இடம்கொடுத்து இசைதல். மூன்றாவது, தீங்கு தரும் வழக்கத்தை நோயாளரின் ஒப்புதலோடு மாற்றியமைத்தல். பெங்களூரு மருத்துவமனைகளில் அன்றாடம் எழக்கூடிய சூழல்களைக் கொண்டே இவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

நெற்றியில் இட்ட திருநீறு, தலையணையின் கீழ் வைத்த சிறு படம், கையில் கட்டிய மந்திரித்த கயிறு, ஜெபமாலை ஆகியவை பெரும்பாலும் சிகிச்சைக்குத் தடையாவதில்லை. இவற்றைத் தொடாமல் விடுவது முதல் வழி.

அறுவை சிகிச்சைக்குச் செல்லும் பெண்ணின் தாலி இரண்டாம் வழிக்கு எடுத்துக்காட்டு. அறுவை அரங்கில் மின்சாரத்தால் இரத்தக் கசிவை அடைக்கும் கருவி பயன்படுகிறது. உடலில் உலோகம் இருந்தால் தீப்புண் ஏற்படக்கூடும். எம்.ஆர்.ஐ. அறையிலும் உலோகம் கூடாது. "கழற்றுங்கள்" என்ற ஒற்றைச் சொல், அந்த நேரத்தில் அப்பெண்ணின் காதில் அபசகுனமாக ஒலிக்கும். மஞ்சள் கிழங்கு கோத்த நூலை அணிவித்துவிட்டு, தங்கத்தைக் கணவரிடமோ மாமியாரிடமோ அவர் கண்முன்னே ஒப்படைத்தால் அச்சம் நீங்கும். கர்நாடகத்தில் லிங்காயதர் உடலில் தரிக்கும் இஷ்டலிங்கமும் அத்தகையதே. பலர் அதை உடலை விட்டுப் பிரிக்க விரும்புவதில்லை. எந்த இடத்தில், எந்தத் துணியில், யார் கையால் வைக்கலாம் என்று முன்கூட்டியே அவரிடம் கேட்பது நலம். அவசரத்தில் கழற்றி மருந்துத் தட்டில் போடுவது பெரும் அவமதிப்பு.

ரமலான் மாதத்தில் நோன்பிருக்க விரும்பும் நீரிழிவு நோயாளரும் இரண்டாம் வழியைச் சேர்ந்தவரே. நோயுற்றவருக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்பது இஸ்லாமிய மரபு. எனினும் பலர் நோன்பைக் கைவிட மனமின்றி, மருத்துவரிடம் சொல்லாமலேயே இன்சுலினின் அளவைத் தாமே மாற்றிக்கொள்கின்றனர். இதனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். நோன்பு தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, "இந்த ஆண்டு நோன்பு வைக்க எண்ணமா?" என்று செவிலியர் கேட்டால், மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றித் தரவோ, நோன்பு ஆபத்தானது என்றால் அதை விளக்கவோ இயலும். கேட்கும் குரலில் கண்டனம் இருந்தால் உண்மை வெளிவராது. சூரியன் மறைந்தபின் உண்ணாத, கிழங்கு வகைகளைத் தவிர்க்கும் ஜைன நோயாளரின் மாலை உணவும் இவ்வாறே முன்கூட்டித் திட்டமிடத்தக்கது.

பிறந்த குழந்தைக்குச் 'சேனை' வைக்கும் வழக்கம் மூன்றாம் வழியை வேண்டி நிற்கிறது. குடும்பப் பெரியவர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ குழந்தையின் நாவில் தொட்டு வைப்பார். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால், அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் தசைகளைத் தளரச்செய்யும் கொடிய நோயை உண்டாக்கக்கூடும். ஆகவே இங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆயினும் பாட்டியை வார்டிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. குழந்தையை முதலில் அவர் கையில் தந்து ஆசி கூறச் சொல்லலாம். சீம்பாலின் பெருமையை அவருக்கே எடுத்துரைத்து, "முதல் பால் கொடுக்க நீங்களே மருமகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அம்மா" என்று பொறுப்பையும் அளிக்கலாம். வழக்கத்தின் உட்கருத்து குழந்தைக்கு நல்வாழ்வை விரும்புவது. அது நிலைக்கும், தீங்கு மட்டும் விலகும்.

மதிப்பின் எல்லை

எது காக்கத் தக்கது, எது மாற்றத் தக்கது என்பதைப் பிரித்தறிவதே இத்துறையின் கடினமான பகுதி. மனநலத் துறையின் இரு நிகழ்வுகள் இதைத் தெளிவாக்கும்.

நிம்ஹான்ஸின் மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரிலுள்ள முத்துசுவாமி கோயிலை ஆராய்ந்தனர். கடும் மனநோய்க்கு ஆட்பட்டோர் உறவினர் ஒருவருடன் அங்கே வந்து தங்குவர். காலை வழிபாடு முடிந்ததும் கோயிலின் எளிய வேலைகளில் ஈடுபடுவர். மருந்து எதுவும் தரப்படுவதில்லை. அங்கே தங்கிய 31 பேரை, சேர்ந்த நாளிலும் கிளம்பும் நாளிலும் மருத்துவ அளவுகோல் கொண்டு சோதித்தபோது நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. இவ்வாய்வு 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒப்பீட்டுக்கு மற்றொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மருந்தை நிறுத்திவிடலாம் என்று இதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆனால் அச்சுறுத்தல் இல்லாத சூழலும், ஏற்றுக்கொள்ளும் மனிதரும், உடனிருக்கும் உறவும் நோயைத் தணிக்க உதவக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

அதற்கு முந்தைய ஆண்டில் நிகழ்ந்தது மற்றது. இராமநாதபுரம் மாவட்டத்தின் ஏர்வாடி தர்காவை நாடிப் பல மதத்தினரும் மனநோயாளரை அழைத்து வருவர். தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் பெருகியிருந்தன. 2001, ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர்.

முதல் நிகழ்வைப் போலவே இரண்டாம் நிகழ்விலும் மக்களை அங்கே கொண்டுவந்தது நம்பிக்கை. வேறுபாடு அவ்விடங்களின் மதத்தில் இல்லை. நோயுற்றவரை நடத்திய முறையில் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அதே வேளையில், ஏர்வாடி தர்காவில் 'தவா–துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் இணைந்து செல்லும் அரசுத் திட்டம் பின்னாளில் நடைமுறைக்கு வந்தது. பிரார்த்தனை காக்கப்பட்டது, மருந்தோடு அது இசைவிக்கப்பட்டது, சங்கிலி அகற்றப்பட வேண்டியதாயிற்று. லைனிங்கர் கூறிய மூன்று வழிகளும் ஒரே இடத்தில் இவ்வாறு அமைந்தன. ஒரு வழக்கத்தை மதிப்பிட, "இது நோயாளரின் உயிருக்கும் கண்ணியத்துக்கும் துணையாகிறதா, தடையாகிறதா?" என்ற வினாவே உரைகல்.

குடும்பம் என்னும் துணை

இந்திய நோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது அரிது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளரின் உறவினரை மருத்துவமனை மைதானத்தில் கூடாரமிட்டு உடன் தங்கச் செய்தார். வேலூரில் 1957-இல் தொடங்கிய மனநல மையமும், நிம்ஹான்ஸின் குடும்ப வார்டுகளும் இம்முறையைப் பின்பற்றின. உறவினரைக் கூட்டமாகக் கருதாமல் சிகிச்சைக் குழுவின் உறுப்பினராக ஏற்ற முன்மாதிரி இது.

எனினும் குடும்பமே நோயாளருக்கும் உண்மைக்கும் இடையே நிற்கும் தருணங்கள் உண்டு. "அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர், அவர் தாங்கமாட்டார்" என்று மகன் கெஞ்சுவார். தந்தையோ, பலமுறை தன்னைச் சுற்றி நடந்த தாழ்ந்த குரல் பேச்சுகளிலிருந்து அனைத்தையும் ஊகித்திருப்பார். மகன் வருந்துவானே என்று மௌனம் காப்பார். இருவரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணித் தனித்தனியே துன்புறுகின்றனர். மகனின் சொல்லை அப்படியே ஏற்றால் நோயாளரின் உரிமை பறிபோகும். அதை உதறிவிட்டு உண்மையை முகத்தில் அறைந்தாற்போல் சொன்னால் குடும்பம் உடையும். "உங்கள் உடல்நிலை பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடமே சொல்லட்டுமா, மகனிடம் பேசட்டுமா?" என்று நோயாளரையே கேட்பது நடுவழி. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கூறினால் அதுவும் அவருடைய உரிமையே. முதிர்ந்த நிலைப் புற்றுநோயாளரைக் கட்டணமின்றிப் பேணும் பெங்களூருவின் கருணாஷ்ரயா போன்ற இல்லங்களில், வலி நீக்கும் மருந்துக்கு இணையான சிகிச்சை இத்தகைய உரையாடல்.

அறிந்ததே தடையாகும்போது

இதுவரை கூறியவற்றைப் படித்த ஒருவர், "அப்படியானால் ஒவ்வொரு சமூகத்தின் வழக்கங்களையும் பட்டியலிட்டு மனப்பாடம் செய்தால் போதும்" என்று எண்ணக்கூடும். அங்கேதான் ஆபத்து உள்ளது.

அமெரிக்க மருத்துவர்களான மெலனி டெர்வலான், ஜேன் முர்ரே-கார்சியா ஆகிய இருவரும் 1998-இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரத்தில் முனகிக்கொண்டிருந்தார். அதே வம்சாவளியைச் சேர்ந்த மருத்துவர் அதைக் கண்டு, இவருக்கு வலி அதிகம் போலும் என்று செவிலியரிடம் கூறினார். செவிலியர் அதை மறுத்தார். தாம் பண்பாடு பற்றிய பாடம் பயின்றவர் என்றும், இச்சமூகத்தார் வலியை மிகைப்படுத்தித் தெரிவிப்பர் என்பது தமக்குத் தெரியும் என்றும் விளக்கம் தந்தார். நோயாளரை அறிவதற்காகக் கற்ற பாடமே அவர் படும் வலியைக் காணவிடாமல் மறைத்தது.

வேதாந்தம் 'அத்யாசம்' என்று கூறும் பிழையோடு இதை ஒப்பிடலாம். மங்கிய ஒளியில் கிடக்கும் கயிற்றின்மீது, முன்பே மனத்தில் உள்ள பாம்பை ஏற்றிக் காண்கிறான் ஒருவன். அவ்வாறே 'தமிழர் இப்படி', 'மலையாளிகள் இப்படி', 'வடகிழக்கினர் இப்படி' என்று மனத்தில் சேர்த்து வைத்ததை எதிரே படுத்திருக்கும் மனிதர்மீது ஏற்றிப் பார்க்கிறோம் என்பதைப் பலர் உணர்வதில்லை. எல்லா பிராமணரும் சைவ உணவினர் அல்லர். எல்லா முஸ்லிம் பெண்களும் ஆண் மருத்துவரை மறுப்பதில்லை. கோயிலுக்கே செல்லாத ஒருவர் அறுவை சிகிச்சைக்கு முன் திருநீறு கேட்கலாம். பட்டியல், எதைக் கேட்க வேண்டும் என்பதை நினைவூட்டும், விடையைத் தராது.

இதனாலேயே அவ்விரு மருத்துவர்களும், தகுதி என்பதைவிடப் 'பண்பாட்டுப் பணிவு' என்ற சொல்லை விரும்பினர். பாடம் முடித்துச் சான்றிதழ் பெறக்கூடிய தேர்ச்சி அல்ல இது. வாழ்நாள் முழுவதும் தொடரும் ஆத்ம பரிசோதனை. இதற்கு எளிய கருவியும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், நோயாளரிடம் கேட்கத்தக்க வினாக்களை வகுத்தார். இந்நோய் எதனால் வந்தது என்று கருதுகிறீர்கள், ஏன் இப்போது வந்தது, இது உங்கள் வாழ்வில் என்ன இடர்களைத் தந்துள்ளது, எந்தச் சிகிச்சை வேண்டும் என எண்ணுகிறீர்கள், இதில் உங்களுக்கு மிகுந்த அச்சம் தருவது எது என்ற போக்கில் அவை அமைந்துள்ளன. கடைசி வினாவுக்கு வரும் விடை பல நேரங்களில் எவரும் எதிர்பாராததாக இருக்கும். கால் விரலை அகற்றச் சம்மதிக்காத ஒருவர், வலிக்கு அஞ்சாமல், வேலை போய்விடும் என்பதற்கே அஞ்சியிருக்கலாம்.

பேணுபவரைப் பேணுதல்

நோயாளரிடம் காட்ட வேண்டிய இப்பண்பு, செவிலியரிடமும் காட்டப்பட வேண்டும். தம் மொழியும் உணவும் இகழப்படும் இடத்தில் பணிபுரிபவர், பிறருடைய மொழியையும் உணவையும் போற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

2021 ஜூன் மாதத்தில் தில்லியிலுள்ள கோவிந்த் பல்லப் பந்த் மருத்துவ நிறுவனம், பணியில் செவிலியர் மலையாளம் பேசக் கூடாது, இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே பேச வேண்டும், மீறினால் கடும் நடவடிக்கை என்று சுற்றறிக்கை வெளியிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. நோயாளருக்குப் புரியாத மொழியில் பேசுகின்றனர் என்ற புகாரே அந்த ஆணைக்குக் காரணமாகக் கூறப்பட்டது. அப்புகாரில் ஓர் உண்மை உண்டு. தன் படுக்கையருகே இருவர் புரியாத மொழியில் பேசிச் சிரித்தால், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நோயாளர் கலங்குவது இயல்பு. ஆனால் ஒரு மொழியைப் பெயர் சொல்லித் தடைசெய்தபோது, நோயாளர் நலன் பின்னே சென்று ஒரு சமூகத்தின் அவமானமே முன்னே நின்றது. "நோயாளரின் முன்னிலையில் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவோம், ஓய்வறையில் அவரவர் மொழியில் பேசலாம்" என்று எல்லா மொழியினருக்கும் பொதுவாக வகுத்திருந்தால் அதே நோக்கம் நிறைவேறியிருக்கும்.

மே 2020-இல், கொரோனா பரவிய நேரத்தில், கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் பணிபுரிந்த மணிப்பூர்ச் செவிலியர் நூற்றுக்கணக்கில் வேலையை விட்டு ஊர் திரும்பினர். குடும்பத்தின் கவலை, பாதுகாப்புக் கருவிகளின் குறைவு ஆகியவற்றோடு, வெளியில் சந்தித்த பாகுபாட்டையும் இழிசொற்களையும் அவர்களுள் பலர் காரணமாகக் கூறினர். பெங்களூருவும் இத்தகைய அச்சத்தைக் கண்டுள்ளது. 2012 ஆகஸ்டில், அஸ்ஸாம் கலவரத்தையடுத்துப் பரவிய வதந்திகளால், வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த பணியாளரும் மாணவரும் ஆயிரக்கணக்கில் ரயிலேறி நகரை விட்டுச் சென்றனர். "உனக்கு ஒன்றும் நேராது, நாங்கள் இருக்கிறோம்" என்று நம்பத்தக்க முறையில் சொல்லும் மேலாளரும் சக பணியாளரும் இருக்கும் பணியிடத்தில் வதந்தியின் வலிமை குறையும். அந்த நம்பிக்கையை ஆபத்து வந்த நாளில் உருவாக்க முடியாது. அதற்கு முந்தைய சாதாரண நாட்களிலேயே வளர்த்திருக்க வேண்டும்.

செவிலியர் கண்காணிப்பாளரும் நிர்வாகியும் செய்யக்கூடியவை பல. புதிதாகச் சேரும் வெளிமாநிலச் செவிலியருக்கு, வலி, மூச்சு, பசி, தாகம், சிறுநீர், அச்சம் ஆகியவற்றைக் கேட்டறியும் கன்னட வாக்கியங்களை முதல் வாரத்திலேயே கற்பிக்கலாம். தமிழ், தெலுங்கு, உருதுச் சொற்களைச் சிறு அட்டையில் எழுதித் தரலாம். எந்தப் பணியாளருக்கு எந்த மொழி தெரியும் என்ற பட்டியலை ஒவ்வொரு வார்டிலும் வைக்கலாம். பணிமுறைப் பட்டியல் போடும்போது ஓணம், ரம்ஜான், கிறிஸ்துமஸ், யுகாதி, பொங்கல், பிஹு ஆகியவற்றை ஆண்டின் தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டு விடுமுறையைச் சுழற்சி முறையில் பகிரலாம். விடுதியின் சமையலறையில் எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாளாவது தம் ஊர் உணவு கிடைக்கச் செய்யலாம்.

மற்றொன்று நோயாளரின் உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது. மூத்தவர் சொல்லும்போது எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று பழகிய இளம் செவிலியர், மருந்தின் அளவு சரியாகக் கேட்காவிட்டாலும் "சரி" என்று தலையசைத்துவிடுவார். "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்றே விடை வரும். ஆகவே தொலைபேசியிலோ வாய்மொழியாகவோ தரும் உத்தரவை எழுதிக்கொண்டு, உரக்கத் திருப்பிப் படித்துக்காட்டுவதைப் பதவி வேறுபாடின்றி எல்லாருக்கும் விதியாக்க வேண்டும். விதியாகிவிட்டால் அது எதிர்த்துப் பேசுவதாகாது; கடமையாகிவிடும்.

நோயாளரே செவிலியரை இழிவுபடுத்தும் நேரமும் உண்டு. சாதியையோ மதத்தையோ முகத்தோற்றத்தையோ காட்டி, "இவர் என்னைத் தொட வேண்டாம்" என்பவரிடம் என்ன செய்வது? பெண் நோயாளர் பெண் செவிலியரை வேண்டுவது கண்ணியம் பற்றியது. அதை ஏற்பது முறை. பிறப்பைக் காட்டி ஒருவரை விலக்குவது அத்தகையதன்று. மேலாளர் அங்கே தாமே சென்று, இவர் தகுதி பெற்ற செவிலியர், உங்கள் பராமரிப்பு இவருடைய பொறுப்பு என்று அமைதியாகவும் உறுதியாகவும் கூற வேண்டும். செவிலியரைச் சத்தமின்றி வேறு வார்டுக்கு மாற்றிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் அந்த அவமானத்துக்கு நிர்வாகமும் முத்திரை வைத்ததாகிவிடும்.

சரகர் சொன்ன அன்பு இவ்வாறு பல வடிவங்களை எடுக்கிறது. சில இடங்களில் அது மஞ்சள் கோத்த நூலாகவும், சில இடங்களில் கற்றுக்கொண்ட நான்கு கன்னடச் சொற்களாகவும், சில இடங்களில் அசையாத உறுதியாகவும் வெளிப்படுகிறது. எவ்வடிவை எடுத்தாலும் அதன் தொடக்கம் எதிரே இருப்பவரைக் கேட்டறிவதே. மருத்துவமனைக்குச் செல்லாதவருக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு இல்லத்திலும் ஒருவர் நோயுற்றிருக்க, வேறொரு ஊரிலிருந்து வந்த ஒருவர் அவரைப் பேணும் காலம் இது.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

1. அன்பு, பணிவிடை அறிவு, செயல்திறன், தூய்மை ஆகிய நான்கில் ஒன்று குறைந்தால் மற்ற மூன்றும் எவ்வாறு பாதிக்கப்படும்?

2. இல்லத்தில் நோயுற்றோரைப் பேணும்போது கடைப்பிடிக்கும் வழக்கங்களுள் எவை காக்கத் தக்கவை, எவை இசைவிக்கத் தக்கவை, எவை மாற்றத் தக்கவை?

3. ஒரு சமூகத்தைப் பற்றி உறுதியாகத் 'தெரியும்' என்று எண்ணியிருந்த கருத்து, அச்சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்தபோது பொய்யான தருணம் உண்டா? அது எதை உணர்த்தியது?

4. வேறு மாநிலத்திலிருந்து வந்து உடன் பணிபுரிபவர் ஆபத்தை உணர்ந்தால் முதலில் யாரிடம் சொல்வார்? அவ்வாறு சொல்லத்தக்க ஒருவராக இருக்க இன்றே செய்யக்கூடியது என்ன?